ஸ்டீப்பா, ஷீரா?

steep, sheer என்ற இந்த ஆங்கிலச் சொற்கள் இரண்டுக்குமே தமிழில் 'செங்குத்தான' என்று எழுதிவிடுகிறோம். குழப்பம் அங்கேதான்.

ஸ்டீப் என்றால் மூச்சு வாங்கினாலும் ஏறிவிடலாம். நியூசிலாந்தின் டனீடின் நகரிலுள்ள பால்ட்வின் தெரு அப்படித்தான். அதன் மிகக் கடுமையான பகுதியில் 2.86 மீட்டர் முன்னால் போனால் 1 மீட்டர் ஏற்றம். கேட்கத்தான் பயங்கரம், கோணத்தில் ஏறக்குறைய 19 பாகைதான். இருபுறமும் வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள். அநியாய விலையையும் ஸ்டீப் என்பார்கள்.

ஷீர் அப்படியில்லை, சுவர் மாதிரி நிற்கும். அமெரிக்காவின் யோசெமிட்டியில் சுமார் 900 மீட்டர் நிமிர்ந்து நிற்கும் எல் கேப்பிட்டன் பாறைக்கு இதுதான் சரியான சொல். சாலைக்கு ஷீர் போட்டால் வண்டி உருண்டுவிடும்! அப்புறம், மறுபக்கம் தெரிகிற மெல்லிய துணியும் ஷீர்தான்.