பேனலில் பச்சை விளக்கு எரிகிறது என்று நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்

சென்னையில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு நான்தான் சங்கச் செயலாளர். ஃபயர் அலாரத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு ஏஜென்சிக்கு இரண்டு வருடமாக ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) கொடுத்திருந்தோம். போன மாதம் தரைத்தளத்து மீட்டர் ரூமில் கேபிள் எரிந்து, புகை படிக்கட்டு வழியே இரண்டாவது மாடி வரை ஏறியது. எச்சரிக்கைச் சங்கான ஹூட்டர் ஒன்றுகூட அடிக்கவில்லை. வாட்ச்மேன் அண்ணன் ஓடிப்போய், கையால் உடைத்து அலாரம் அடிக்கச் சுவரில் வைத்திருக்கும் பிரேக் கிளாஸை உடைத்தார். அதற்கும் சத்தம் இல்லை. கடைசியில் அவரே மாடி மாடியாக ஏறிக் கதவைத் தட்டித்தான் எல்லோரையும் கீழே இறக்கினார். ஆஸ்துமா உள்ள ஒரு பாட்டியை இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். நல்லவேளை, உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை.

அப்போதும் செக்யூரிட்டி அறையில் இருந்த பேனலில், அதாவது அலாரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டியில், பச்சை விளக்குதான் எரிந்துகொண்டிருந்தது.

இதன் தொடக்கம் போன ஐப்பசி மழையில். கட்டடத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு சோன் என்பார்கள். பேனலில் மூன்றாவது சோனுக்கும் நான்காவது சோனுக்கும் நேராக மஞ்சள் விளக்கு எரிந்தது, பஸ்ஸர் விட்டு விட்டுக் கத்தியது. தீ என்றால் சிவப்பு விளக்கு எரியும், ஹூட்டர் அடிக்கும். மஞ்சள் என்றால் ஃபால்ட்: எங்கோ வயர் அறுந்திருக்கிறது, புகையை உணரும் டிடெக்டர் கழன்றிருக்கிறது, அல்லது பேட்டரியில் கோளாறு. சைலன்ஸ் பட்டன் சத்தத்தை மட்டும்தான் நிறுத்தும். கோளாறு தீரும்வரை விளக்கு அணையாது. டெக்னீஷியன் வந்தார், அரை மணி நேரத்தில் இரண்டு விளக்கும் அணைந்தன. “வயரிங்ல ஈரம் சார், சரி பண்ணிட்டேன்” என்றார். 6,500 ரூபாய் கொடுத்து சர்வீஸ் ரிப்போர்ட்டில் கையெழுத்தும் போட்டேன்.

தீ விபத்துக்கு மறுநாள், ஒரு மருத்துவமனையில் இதே வேலை பார்க்கும் நண்பரை அழைத்துப் பேனலைத் திறந்தோம். புகை வந்த மீட்டர் ரூமும் படிக்கட்டும் சேர்ந்த மூன்றாவது, நான்காவது சோன் வயர்களைக் கழற்றி, கறுப்பு டேப் சுற்றி மூலையில் செருகியிருந்தார்கள். அவை இருக்க வேண்டிய இரண்டு டெர்மினலிலும் (வயரை மாட்டும் இடம்), அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிதாக, வண்ணக் கோடு போட்ட ரெசிஸ்டர் (மின்தடை) ஒவ்வொன்றை முடுக்கியிருந்தார்கள்.

இந்தச் சின்னப் பொருளில்தான் மோசடியே இருக்கிறது. எங்களுடையது பழைய கன்வென்ஷனல் பேனல். ஒவ்வொரு சோனுக்கும் இரண்டு வயர் கிளம்பி, டிடெக்டர் ஒவ்வொன்றையும் தொட்டுக்கொண்டு போகும். கடைசி டிடெக்டரில் ஒரு ரெசிஸ்டர் இருக்கும். எண்ட் ஆஃப் லைன் என்பார்கள். அதன் வழியே எப்போதும் கொஞ்சம் கரண்ட் ஓடும். வயர் அறுந்தால் அது நின்றுவிடும், பேனல் ஃபால்ட் காட்டும். டிடெக்டர் புகையைப் பிடித்தாலோ, பிரேக் கிளாஸை உடைத்தாலோ கரண்ட் கூடும், தீ என்று அலறும். வரிசையின் கடைசியில் இருக்க வேண்டிய ரெசிஸ்டரைப் பேனலிலேயே மாட்டிவிட்டால், வெளியே வயரே இல்லாவிட்டாலும் எல்லாம் சரி என்றுதான் பேனல் நினைக்கும். நோயாளியை விட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றவர் கையில் நாடி பார்த்தது போல.

பேட்டரியிலும் இதே கதைதான். புதிதாக இரண்டு 12 வோல்ட் பேட்டரி போட்டதாகப் பில் இருக்கிறது. உள்ளே இருந்தவை பக்கவாட்டில் உப்பிக் கிடந்தன. நண்பர் மெயின் சுவிட்சை அணைத்ததும் பேனல் அப்படியே செத்துப்போனது. எங்கள் பேனலில் சார்ஜர் ஓடும்வரை வோல்டேஜ் சரியாகத் தெரியும், லோடு ஏறினால்தான் சாயம் வெளுக்கும் என்றார்.

ஏஜென்சியிடம் படங்களோடு கேட்டோம். “உங்க வாட்ச்மேன் நோண்டியிருப்பார்” என்றார்கள். பேனல் சாவி அவரிடம் இருந்ததே இல்லை. இரவெல்லாம் கத்தும் பஸ்ஸரை அணைத்துவிட்டு, காலையில் மறக்காமல் எனக்குச் சொன்ன மனிதர் அவர். அவர்மேல் பழி போட்டதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

உங்கள் இடத்திலும் டெக்னீஷியன் வந்தால் கூடவே நில்லுங்கள். ஒவ்வொரு சோனிலும் கடைசி டிடெக்டரைக் கழற்றச் சொல்லுங்கள், பேனலில் ஃபால்ட் வர வேண்டும். மாட்டிய பிறகு டெஸ்ட் புகை காட்டச் சொல்லுங்கள், ஹூட்டர் அடிக்க வேண்டும். ரீசெட் செய்யும்வரை சிவப்பு விளக்கு தானாக அணையக் கூடாது. பிரேக் கிளாஸையும் சோதிக்கச் சொல்லுங்கள். மெயினை அணைத்து, பேட்டரியிலேயே ஹூட்டரை அடித்துக் காட்டட்டும். ‘அது டைம் ஆகும் சார்’ என்றால் கையெழுத்துப் போடாதீர்கள். தீயைக் கண்டறியும் அமைப்புகளுக்கு ஐஎஸ் 2189 என்று இந்தியத் தர நிர்ணயமே இருக்கிறது. ஒப்பந்தத்தில் அதை எழுதி வாங்குங்கள்.

கொடுத்த பணம் இன்னும் திரும்பவில்லை. வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். மூன்றாவது சோனுக்குப் புது வயர் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். வேலை முடியும்வரை மஞ்சள் விளக்கு எரியட்டும் என்று விட்டிருக்கிறோம். பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து, சைலன்ஸ் அழுத்தும் ஒவ்வொரு முறையும் வாட்ச்மேன் அண்ணன் நேரத்தை எழுதி வைக்கிறார்.