சாம்பல் ஃபெர்குசன்: வண்டிக்கு முன்னால் காகிதம்

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்பு வட்டாரத்தில் பழைய ட்ராக்டர் என்றாலே கண்முன் நிற்பது சாம்பல் நிறக் குட்டி ஃபெர்குசன்தான். ஆப்பிரிக்கான்ஸ் பேசுபவர்கள் அதை ஃபால்யாப்பி என்பார்கள். மலிவான இளம் ஒயினுக்கும் அதே பெயர்தான். சேகரிப்பைத் தொடங்குகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான முதல் வண்டி இல்லை. உதிரிப்பாகம் இன்றும் கிடைக்கிறது, எடை 1.1 டன் அளவுதான், உள்ளே மர்மம் எதுவும் கிடையாது. ஆனாலும் டொங்காட்டிலோ உம்சிண்டோவிலோ கொட்டகைக்குள் நிற்கும் ஒன்றைப் பார்க்கப் புறப்படும் முன், அதே மாடலின் அசல் விற்பனைக் கையேடு ஒன்றைத் தேடி வாங்கிவிடுங்கள். எழுபது வருஷமாக ஒரு வண்டியின் கையைப் பிடுங்கி இன்னொன்றுக்கு மாட்டியிருப்பார்கள். எது பிறவிப் பாகம், எது ஒட்டு என்று அந்தக் காகிதம்தான் சொல்லும்.

இந்த டிஇ-20 வரிசை 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கோவன்ட்ரியில், பேனர் லேன் ஆலையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியால் கட்டப்பட்டது. மொத்தம் 5,17,651 வண்டிகள். பெயரிலுள்ள மூன்றாவது எழுத்தைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மூன்றாவது எழுத்தே இல்லாத டிஇ-20இல் இருப்பது அமெரிக்க கான்டினென்டல் பெட்ரோல் எஞ்சின். டிஇஏ என்றால் ஸ்டாண்டர்ட் பெட்ரோல் எஞ்சின். டிஇடி பாரஃபினில் (மண்ணெண்ணெயில்) ஓடுவது, டிஇஎச் விளக்கெரிக்கும் ரகத் தாழ்ந்த பாரஃபினில் ஓடுவது, டிஇஎஃப் டீசல். எழுத்தும் எண்ணும் முகப்புப் பலகையில் உள்ள தகட்டில் இருக்கும். எஞ்சின் எண் வேறு, அது எஞ்சின் பிளாக்கிலேயே வெட்டப்பட்டிருக்கும். விற்பவர் எஞ்சின் எண்ணைக் காட்டி "இதுதான் வண்டி எண்" என்றால் தகடு எங்கே போயிற்று என்று கேளுங்கள்.

கையேட்டின் காலத்தைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. 1953இல் கனடா நிறுவனமான மாஸி-ஹாரிஸோடு ஃபெர்குசன் இணைந்தது. பின்னட்டையின் அடியில் ஹாரி ஃபெர்குசன் லிமிடெட் என்று மட்டும் அச்சாகியிருந்தால் அதற்கு முந்தையது. மாஸி-ஹாரிஸ்-ஃபெர்குசன் என்றிருந்தால் பிந்தையது. சுருக்கமாக மாஸி ஃபெர்குசன் என்று மட்டும் இருந்தால் அது டிஇ-20 காலத்துக் காகிதமே அல்ல. எஞ்சின் விவரப் பக்கத்தில் சிலிண்டர் விட்டத்தைப் பாருங்கள். ஸ்டாண்டர்ட் பெட்ரோல் எஞ்சின் முதலில் 80 மி.மீ. விட்டம், 1850 சி.சி.; பிறகு 85 மி.மீ., 2088 சி.சி. இரண்டிலும் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 92 மி.மீ.தான். முற்பட்ட கையேட்டை வைத்துக்கொண்டு பிற்பட்ட வண்டிக்குப் பிஸ்டன் செட் வரவழைத்தால் பணமும் போகும், மாதமும் போகும்.

கையேட்டில் இன்னொரு பயன், எது கூடுதல் விலைக்கு வந்தது என்ற பட்டியல். முன்விளக்குகள் அடிப்படை விலையில் சேராதவை. விளக்கு இல்லாத ஃபெர்குசனைப் பார்த்து "ஏதோ குறைகிறது" என்று கண்ட விளக்கை மாட்டுவது பலர் செய்யும் தவறு. நிறமும் அப்படித்தான். சிவப்பு, 1957 கடைசியில் மாஸி ஃபெர்குசன் 35 வந்த பிறகு பரவியது. டிஇ-20 சாம்பல் மட்டுமே. சிவப்பு பூசிய ஒன்றைக் கண்டால் பயப்பட வேண்டாம். தகட்டின் பின்புறத்திலும் இருக்கைத் தாங்கியின் அடியிலும் நகத்தால் சுரண்டினால் பழைய சாம்பல் எட்டிப் பார்க்கும். அந்தத் துணுக்கைப் பார்த்துத்தான் வண்ணம் கலக்க வேண்டும். டப்பாவில் "ஃபெர்குசன் சாம்பல்" என்று எழுதியிருப்பதை நம்பினால் பல நேரம் வெளுப்பாகவோ பளபளப்பு மிகையாகவோ வந்து நிற்கும்.

விற்பனைக் கையேடு என்பது விளம்பரம்தான். அதில் உள்ளதெல்லாம் வேதவாக்கு அல்ல. ஃபெர்குசன் கையேடுகள் பெருமையோடு காட்டுவது மூன்று முனை இணைப்பு: கருவியைக் கீழே இரண்டு கைகளும் மேலே மேல் லிங்க் என்ற ஒரு கம்பியும் பிடித்திருக்கும். கலப்பைக்கு ஆழம் காக்கும் சக்கரம் வேண்டாம், ட்ராக்டரே பார்த்துக்கொள்ளும் என்பது அதன் வாதம். உண்மையில் அது காப்பது ஆழத்தை அல்ல, இழுவிசையை. மண் கெட்டியானால் மேல் லிங்க் கம்பி முன்னோக்கி அழுந்தி ஸ்பிரிங்கைச் சுருக்கும், வால்வு திறந்து கலப்பையைச் சற்றே தூக்கும். மண் இளகினால் கலப்பை இறங்கும். ஒரே சீரான மண்ணில் இது அற்புதம். கடற்கரையோரச் சாம்பல் மணலும் களிமண்ணும் மாறி மாறி வரும் நிலத்தில், மணல் திட்டில் கலப்பை மூழ்கும், களித் திட்டில் மிதக்கும். இதைக் கையேடு சொல்லாது. கைப்பிடியை வைத்த உயரத்தில் கருவியை நிறுத்தும் வசதி 1956இல் வந்த அடுத்த மாடலான எஃப்இ-35இல்தான் சேர்ந்தது. டிஇ-20இல் அதைத் தேடி ஏமாற வேண்டாம். கரும்புக் கட்டையைப் பெயர்க்கும் அளவுக்கு இதற்கு மூச்சும் கிடையாது. வரிசைக்கு இடையே களை கொத்தவும் சிறு வண்டி இழுக்கவும் பொருத்தம். சக்கர அகலத்தை 4 அங்குலப் படிகளில் மாற்றலாம் என்று கையேடு சொல்வது மட்டும் முழு உண்மை. முன்சக்கரங்களின் இடைவெளியை அகலமாக்கினாலும் ஸ்டீயரிங் கம்பியின் நீளத்தைத் தொட வேண்டியதில்லை.

இனி வண்டி. முதலில் ஹைட்ராலிக்கை, அதாவது எண்ணெய் அழுத்தத்தால் கருவியைத் தூக்கும் அமைப்பை, சோதியுங்கள், ஏனென்றால் அதை வைத்துத்தான் விலை பேசுவார்கள். பம்ப், பி.டி.ஓ. தண்டிலிருந்து (எஞ்சின் விசையைக் கருவிகளுக்குக் கொடுக்கும் பின்பக்கத் தண்டு) ஓடுகிறது. பி.டி.ஓ. லீவர் விடுபட்டிருந்தால் கைகள் எழும்பாது. கிளட்சை மிதித்தாலும் நின்றுவிடும். "பம்ப் செத்துவிட்டது" என்று குறைந்த விலைக்குத் தள்ளிவிடப்படும் வண்டிகளில் சில, லீவரைப் போட்டதும் உயிர்த்தெழும். விற்பவரிடம் இதை உரக்கச் சொல்லத் தேவையில்லை. கனமான கருவியைத் தூக்கி எஞ்சினை ஓடவிடுங்கள். கைகள் தலையாட்டுவது போல் சிறிது இறங்கி, மீண்டும் ஏறிக்கொண்டே இருந்தால் எண்ணெய் எங்கோ கசிகிறது. ஹைட்ராலிக் பிஸ்டனின் வளையமோ வால்வோ தேய்ந்திருக்கும். தூக்கும்போதே விட்டுவிட்டு உதறினால் பம்பின் வால்வுகளில் அழுக்கு. அளவுக் குச்சியில் எண்ணெய் மோர் நிறத்தில் இருந்தால், வெட்டவெளியில் நின்ற வண்டிக்குக் கியர் கம்பியின் ரப்பர் வழியாக மழைநீர் இறங்கியிருக்கிறது என்று பொருள். கியர்பெட்டி, ஹைட்ராலிக், பின் அச்சு மூன்றுக்கும் ஒரே எண்ணெய். 27 லிட்டர் அளவு போகும். அதற்கும் சேர்த்து விலை குறைத்துக் கேளுங்கள்.

எஞ்சினில் லைனர்கள் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் உறைகள்) தனியாகக் கழற்றக்கூடியவை, நேரே தண்ணீரில் நிற்பவை. அடியில் இரண்டிரண்டு லைனருக்கு எட்டு வடிவக் கேஸ்கெட் ஒன்று. அது கசிந்தால் தண்ணீர் ஸம்புக்குள், அதாவது எஞ்சின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டிக்குள், இறங்கும். மறுபடி கட்டும்போது லைனர் பிளாக்கின் மேற்பரப்பைவிட 0.003 முதல் 0.005 அங்குலம் உயர்ந்து நிற்க வேண்டும். குறைந்தால் தலைக் கேஸ்கெட் பிடிக்காது. பழைய வண்டியின் பிளாக்கில் சேறு படிவது வழக்கம். வாங்கும் முன் பிளாக்கின் வடிகால் குழாயைத் திறந்து பாருங்கள். சொட்டுக்கூட வரவில்லை என்றால் கம்பியால் குத்துங்கள். அப்போதும் வரவில்லை என்றால் லைனரைக் கழற்றிச் சுத்தம் செய்யும் வேலைக்குத் தயாராக இருங்கள். தீப்பற்றும் வரிசை 1-3-4-2.

ஸ்டார்ட்டர் சுவிட்ச் கியர் கம்பியிலேயே இருக்கிறது. கம்பியை எஸ் என்ற இடத்துக்குத் தள்ளினால்தான் எஞ்சின் சுழலும், அதனால் கியரில் இருக்கும்போது வண்டி பாய முடியாது. முகப்பில் துளையிட்டு பட்டன் வைத்திருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது; கண்டிப்பாக அசல் நிலைக்கு மாற்றுங்கள். முதல் வண்டிகளுக்கு 6 வோல்ட், பின்னவற்றுக்கு 12. பழைய 6 வோல்ட் இக்னிஷன் காயிலை வைத்துக்கொண்டே 12 வோல்ட் பேட்டரியை மாட்டியவர்கள் காயில் எரிந்த பிறகுதான் காரணம் தேடுவார்கள்.

பின் பிரேக்கில் எண்ணெய் வழிகிறதா, டயர் வெடித்திருக்கிறதா என்பதை எல்லோரும் பார்ப்பார்கள். யாரும் பார்க்காதது ரிம். அந்தக் காலத்தில் பிடிமானத்துக்காகப் பின் டயரில் கால்சியம் குளோரைடு கலந்த தண்ணீர் நிரப்புவார்கள். வால்வு துளையைச் சுற்றித் துரு பூத்திருந்தால் உள்ளே ரிம் அரித்திருக்கிறது. மேலே வண்ணம் பூசியிருந்தாலும் சுத்தியலால் தட்டினால் ஓசை மழுங்கும். பின் டயர் 10-28, முன் டயர் 4.00-19. நான்கும் புதிதாக வாங்க நேர்ந்தால் அதுவே பெரிய செலவு. கடலோரத்தைவிட வறண்ட உள்நாட்டுப் பகுதிகளான ஃப்ரீ ஸ்டேட், கரூ பக்கத்து வண்டிகளின் தகரம் நன்றாக இருக்கும். ஏற்றிவரும் கூலியைச் சேர்த்தாலும் பல நேரம் அதுவே லாபம். பிரேக் இல்லாத சின்ன டிரெய்லரில் ஏற்றிப் பக்கிக்கு (பிக்கப் வண்டிக்கு) பின்னால் இழுத்து வரும் யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள்.

கிளட்ச் மாற்ற வண்டியை நடுவில் பிளக்க வேண்டும். இதற்கு அடிச்சட்டகமே (சேஸிஸ்) கிடையாது. எஞ்சின், கியர்பெட்டி, அச்சு எல்லாம் ஒன்றோடொன்று போல்ட்டால் சேர்ந்தவை. முன் அச்சுக்கும் எஞ்சின் தாங்கிக்கும் இடையே இருபக்கமும் மர ஆப்பு அடிக்காமல் பிளந்தால் எஞ்சின் பக்கவாட்டில் சாயும். முன் சக்கரத்தின் ரேடியஸ் கம்பிகளையும் ஸ்டீயரிங் கம்பிகளையும் முதலில் விடுவியுங்கள். இன்னொன்று: மேல் லிங்க் கொக்கியில் சங்கிலி கட்டி எதையும் இழுக்காதீர்கள். முன்பக்கம் எழுந்து, வண்டி ஓட்டுபவர் மேலேயே கவிழும். இதற்குப் பாதுகாப்புக் கூண்டு கிடையாது.

ரகங்களில் எங்கள் முதல் தேர்வு டிஇஏ. அடுத்து டிஇடி. அதன் எரிபொருள் தொட்டியில் பெட்ரோலுக்கென்று ஒரு சிறு அறை உண்டு. பெட்ரோலில் கிளப்பி, சூடேறிய பின் பாரஃபினுக்கு மாற்ற வேண்டும். அணைக்கும் முன் மறுபடி பெட்ரோலுக்கு வர வேண்டும். குளிர்ந்த நிலையில் பாரஃபின் கொடுத்தால் எரியாத பாரஃபின் ஸம்புக்குள் இறங்கி எண்ணெயை நீர்க்கச் செய்யும். டிஇஎஃப் டீசல், 2092 சி.சி., மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் உண்டு: குளிர்காலக் காலையில் கிளம்ப அடம்பிடிக்கும். நல்ல பேட்டரியும் பொறுமையும் உள்ளவருக்கே அது.

காகிதச் சந்தைக்கு வருவோம். ஓட்டுநர் கையேடு எளிதில் கிடைக்கும். ஒவ்வொரு வண்டியோடும் ஒன்று வந்தது. மடிப்புப் பிரசுரமும் வண்ணக் கையேடும் அடுத்த படி. அரிதானது விலைப்பட்டியல். விலை மாறியதும் பழையதை விற்பனையாளர்களே கிழித்துப் போட்டுவிடுவார்கள், அதனால்தான் ஒற்றைத் தாளுக்கு வண்ணக் கையேட்டைவிட அதிக விலை சொல்கிறார்கள். சொல்வதில் நியாயமும் இருக்கிறது. டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் விற்பனையாளர் முத்திரை பதிந்திருந்தால் அதைக் கறை என்று நினைக்காதீர்கள். வண்டி எந்த வழியாக நேட்டாலுக்கு வந்தது என்பதற்கு அதுவே சாட்சி. எதுவும் கிடைக்காத காலத்தில் பழைய ஃபார்மர்ஸ் வீக்லி விவசாய இதழ்களின் விளம்பரப் பக்கங்கள் கைகொடுக்கும்.

மறுபதிப்பு மோசடியல்ல, அப்படிச் சொல்லி விற்றால். பட்டறையில் எண்ணெய்க் கையோடு புரட்ட மறுபதிப்பே சரி. அசலென்று விலை கேட்டால் உருப்பெருக்கி எடுங்கள். அசலில் படப்புள்ளிகள் ஒழுங்காக நிற்கும், எழுத்தின் விளிம்பு கூர்மையாக இருக்கும். நகலில் புள்ளி மேல் புள்ளி ஏறி அலையலையாகத் தெரியும், எழுத்தின் விளிம்பிலும் புள்ளி இருக்கும். புற ஊதா விளக்கில் காகிதம் நீலவெள்ளையாகப் பளிச்சிட்டால் 1950க்கு முந்தைய தாள் அல்ல. ஒளிர்ப்பொருள் கலந்த தாள்கள் பரவியது அதற்குப் பிறகு. கையேட்டின் மடிப்பில் குத்திய ஸ்டேப்பிள் ஊசியைப் பாருங்கள். ஊசியில் துரு இருந்து தாளில் துருக்கறை இல்லையென்றால் யாரோ பிற்பாடு குத்தியது.

டர்பன் ஈரப்பதம் காகிதத்துக்கு எமன். பளபளப்புத் தாள் ஒருமுறை நனைந்து காய்ந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும், பிரிக்க முடியாது. வாங்கும்போது ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து பாருங்கள். பி.வி.சி. உறை வேண்டாம், அது மையை உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும். பாலியஸ்டர் உறையும் அமிலமற்ற அட்டையும் வேண்டும். செலோ டேப், லேமினேஷன் இரண்டும் கூடவே கூடாது. துருப்பிடித்த ஊசியின் கால்களைப் பின்பக்கமிருந்து மெல்லிய தகட்டால் நிமிர்த்தி எடுத்து, அதே துளைகளில் நூலால் தையுங்கள். வெள்ளிப்பூச்சி வந்த காகிதக் கட்டைக் காற்றுப் புகாத பையில் கட்டி, உறைநிலைப் பெட்டியில் மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம் வைத்தால் பூச்சியும் முட்டையும் சாகும். வெளியே எடுத்த பின் அறை வெப்பத்துக்கு வரும்வரை பையைத் திறக்காதீர்கள், வியர்த்துவிடும். ஓலைச்சுவடிக்கு வசம்பு வைத்த பழக்கத்தில் நாஃப்தலீன் உருண்டையைத் தாளோடு ஒட்டிப் போடுகிறவர்கள் உண்டு; அது வேண்டாம். அலமாரியின் மூலையில் சிலிக்கா ஜெல் பையை வைத்து, அது ஈரத்தை உறிஞ்சி நிறம் மாறியதும் சூட்டில் காயவைத்துத் திரும்பப் போடுவதே போதும்.