மைக்கேல்ஸ் பள்ளியா, ஏற்காடு மாண்ட்ஃபோர்டா?

ஐந்தாம் வகுப்பு முடித்த மகனை எந்தக் கத்தோலிக்கப் பள்ளியில் சேர்ப்பது என்று கோவையில் என் மைத்துனர் கேட்டபோது, இவ்விரண்டையும் நிறுத்துப் பார்க்க நேர்ந்தது.

வரலாறு: பெரிய கடை வீதிப் பேராலயத்தை ஒட்டிய மைக்கேல்ஸ் ஆண்கள் பள்ளி, பாரிஸ் மறைபரப்புக் குருக்கள் கோவையில் பணியாற்றிய 19ஆம் நூற்றாண்டில் வேரூன்றியது. மாண்ட்ஃபோர்ட், கபிரியேல் சபைச் சகோதரர்கள் 1917இல் தொடங்கியது. பையன்களுக்கென உருவாகிப் பின்னர் இருபாலர் பள்ளியானது.

செலவு: முன்னது அரசு உதவி பெறுவது, ஆசிரியர் ஊதியத்தின் சுமை பெற்றோர் மேல் விழுவதில்லை. பின்னதில் கல்விக் கட்டணத்தோடு விடுதிச் செலவும் கம்பளி உடைகளும் சேரும்.

சலுகை: உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர், கல்லூரி சேர்ந்ததும், 2024இல் கோவையிலேயே தொடங்கப்பட்ட தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் பெறலாம், ஆனால் மருத்துவச் சேர்க்கையின் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு அரசுப் பள்ளியினருக்கே உரியது. பலரும் குழப்பிக்கொள்வது இங்கேதான்.

இயல்பு: ஒன்றில் கடைவீதிச் சந்தடி, மற்றதில், சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கிடைக்கும் குளிரும் தனிமையும்.

மாலையில் கடையில் அப்பாவுக்குத் துணைநிற்கும் பையனுக்கு மைக்கேல்ஸே பொருந்தும். பெற்றோர் அடிக்கடி ஊர் மாறும் வேலையில் இருந்தால், கட்டணமும் தாங்குமென்றால், மாண்ட்ஃபோர்ட்.