ஜெனித் டிரான்ஸ் ஓஷியானிக் எச்500: மின்கலத்தில் பாடும் வால்வு வானொலி

அமெரிக்காவின் ஜெனித் நிறுவனம் 1942இல் தொடங்கிய டிரான்ஸ் ஓஷியானிக் வரிசையில், 1951இல் வெளிவந்த எச்500தான் இன்று வாங்கிப் பயன்படுத்த ஏற்ற பெட்டி என்பது என் கருத்து. பெட்டிபோல் மூடித் தூக்கிச் செல்லலாம் என்றாலும், மின்கலத்தோடு சேர்த்துத் தூக்குபவருக்குக் கை வலிக்கவே செய்யும்.

உள்ளே ஐந்து வால்வுகள் (டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய்கள்): 1யூ4 இரண்டு, 1எல்6, 1யூ5, 3வி4 ஆகியவை ஒவ்வொன்று. இவற்றைச் சூடேற்றும் மெல்லிய கம்பிகளான இழைகள் தொடராக இணைக்கப்பட்டு, 9 வோல்ட்டில் வெறும் 50 மில்லிஆம்பியரில் சூடேறுகின்றன. ஆகவே ஓர் இழை அறுந்தாலும் பெட்டி முழுவதும் ஊமையாகிவிடும். வால்வின் நேர்மின் தகடான ஆனோடுக்குத் தனியே 90 வோல்ட் வேண்டும். அந்தக் காலத்து இரட்டை மின்கலக் கட்டு இப்போது கிடைப்பதில்லை என்றாலும், 9 வோல்ட் மின்கலங்கள் பத்தையும் 1.5 வோல்ட் பெரிய மின்கலங்கள் ஆறையும் தனித்தனியே தொடராகக் கோத்துவிட்டால் வேலை முடிந்தது.

மின்கலத்தில் இயக்கிக் கேட்பதையே நான் பரிந்துரைப்பேன். வீட்டிலுள்ள எல்இடி விளக்குகளும் கைப்பேசிச் சார்ஜர்களும் மின்கம்பி வழியாக அனுப்பும் இரைச்சல் அப்போது பெருமளவு குறைந்துவிடுவதால், 31 மீட்டர், 25 மீட்டர் சிற்றலை வரிசைகளில் மெலிந்த நிலையங்கள்கூடத் தெளிவாக எழும்புகின்றன. மத்திய அலைக்கான ஏரியலைக் கழற்றி ரயில் சன்னல் கண்ணாடியில் ஒட்டவைக்கலாம் என்ற ஏற்பாடு, ரயிலின் இரும்புப் பெட்டிக்குள் அலை நுழையாத சிக்கலை அறிந்தவர் செய்தது. ஒலி கால் வாட் அளவுதான்; கூடத்துக்குப் போதாது, மேசையருகே அமர்ந்து கேட்பவருக்குத் தாராளம்.

குறைகளும் உண்டு. இது 117 வோல்ட்டுக்கான, மின்மாற்றி இல்லாத அமைப்பு. நம்முடைய 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் இழைகள் எரிந்துபோகும் என்பதோடு, பின்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே தொடுவதும் ஆபத்து. மின்னேற்றத்தைத் தேக்கும் பழைய காகிதக் கன்டென்சர்கள் அனைத்தையும் மாற்றாமல் இயக்கவே கூடாது, மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் செலினியம் ரெக்டிஃபையருக்கும் அதே கதிதான்.

விலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் 1எல்6 வால்வுதான். மிகச் சில வானொலிகளில் மட்டுமே பயன்பட்ட இது இப்போது அரிதாகிவிட்டது. அதன் இடத்தில் 1ஆர்5ஐப் பொருத்தினால் மத்திய அலை கேட்கும், உயர் சிற்றலைகள் தள்ளாடும். விற்பவர் மத்திய அலையில் மட்டும் பாடவைத்துக் காட்டினால் திருப்தியடைய வேண்டாம். 16 மீட்டரில் ஒரு நிலையத்தையாவது பிடித்துக் காட்டச் சொல்லுங்கள், அல்லது வால்வின் மேல் அச்சிட்ட எண்ணைக் கண்ணால் பார்த்த பிறகு விலை பேசுங்கள்.