வசனமா, காட்சியா? மகேந்திரன் ரெண்டும் பண்ணவர்

1974ல வந்த தங்கப்பதக்கம் படத்துக்கு கதை வசனம் டைரக்டர் மகேந்திரன்தான், அங்க சிவாஜி பேசப் பேச தியேட்டரே அதிரும், ஒவ்வொரு டயலாக்கும் கைத்தட்டலுக்குன்னே எழுதுன மாதிரி இருக்கும். நல்லா எழுதியிருக்காரு, அதுல குறையே இல்ல. ஆனா அவரே பின்னாடி, சினிமான்னா பேச்சு இல்ல, காட்சிதான்னு திரும்பத் திரும்ப சொன்னாரு. முள்ளும் மலரும் எடுத்தாரு, 1979ல உதிரிப்பூக்கள். கடைசில ஊர்க்காரங்க எல்லாரும் சூழ்ந்து நிக்க கதையோட வில்லனான அந்த ஆளு ஆத்துல இறங்குறான், அப்புறம் கரையில அவனோட ரெண்டு பிள்ளைங்க மட்டும். அந்த இடத்துல பக்கம் பக்கமா வசனம் வெச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க! வசனம் கேக்குறப்ப நல்லாதான் இருக்கு, ஆனா அந்தப் பிள்ளைங்க முகம் எனக்கு இன்னும் போகல. எனக்கு உதிரிப்பூக்கள்தான்.