ஆட்டோமொபைல் பயிற்றுநர்களுக்கான செய்முறை மதிப்பீட்டுப் பயிற்சி: என் மதிப்புரை

தொழிற்பயிற்சி மாணவர்களுக்கு ஆட்டோமொபைல் சொல்லித்தருகிறேன். எங்களைப் போன்ற பயிற்றுநர்களுக்காக நடத்தப்படும் மதிப்பீட்டுப் பயிற்சி ஒன்றைச் சமீபத்தில் முடித்தேன். சேரலாமா என்று யோசிப்பவர்களுக்குச் சொல்கிறேன்: தாராளமாகச் சேரலாம், ஆனால் மின்வாகனப் பகுதியை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

முதல் பகுதி அருமை. ஒரு மாணவர் பழுது தேடும் வீடியோவைக் காட்டி, எல்லோரையும் தனித்தனியாக மதிப்பெண் போடச் சொன்னார்கள். வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேன் டூலில் பி0301 என்ற பழுதுக் குறியீடு (கோடு) வருகிறது, அதாவது முதல் சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியவில்லை (மிஸ்ஃபயர்). மாணவர் நேராக ஸ்பார்க் பிளக்கை மாற்றுகிறார், இன்ஜின் சீராகிவிடுகிறது. சிலர் முழு மதிப்பெண் கொடுத்தார்கள், சிலர் பாதிகூடத் தரவில்லை. அப்புறம் நடந்த வாதம்தான் உண்மையான வகுப்பு. அந்தக் கோடு எந்தச் சிலிண்டர் என்று மட்டுமே சொல்லும். காரணம் பிளக், அதற்கு மின்சாரம் தரும் காயில், எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என எதுவாகவும் இருக்கலாம். காயிலை இரண்டாம் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு, கோடு பி0302 ஆகிறதா என்று பார்த்திருந்தால் அது கண்டுபிடிப்பு. இது குருட்டாம்போக்கில் கிடைத்த வெற்றி. வண்டி ஓடியதற்குத் தனி மதிப்பெண், யோசித்த விதத்துக்குத் தனி மதிப்பெண் என்று அங்கேயே பிரித்து எழுதினோம்.

மதிப்பெண் தாளின் வரிகளைத் திருத்திய விதமும் பிடித்தது. 'மல்டிமீட்டரைச் சரியாகப் பயன்படுத்துகிறார்' என்ற வரியை வைத்து யாரை எப்படி அளப்பது? அதை எடுத்துவிட்டு, 'ஸ்டார்ட்டர் சுற்றும்போதே பேட்டரி பாசிட்டிவுக்கும் ஸ்டார்ட்டர் முனைக்கும் நடுவே வோல்டேஜ் டிராப் (வழியில் இழக்கும் வோல்டேஜ்) பார்க்கிறார், 0.5 வோல்ட்டைத் தாண்டினால் கேபிளையும் இணைப்புகளையும் சோதிக்கிறார்' என்று எழுத வைத்தார்கள். ஜாக் மட்டும் வைத்து, ஸ்டாண்ட் போடாமல் வண்டிக்கு அடியில் போனால் தேர்வு அந்த இடத்திலேயே நிற்கும். மற்ற மதிப்பெண்ணால் ஈடுகட்ட முடியாது. இது மிகச் சரி.

மின்வாகனப் பகுதி ஏமாற்றம். உயர் மின்னழுத்த பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்றுவது, கெப்பாசிட்டர் மின்னிறக்கம் ஆகக் காத்திருப்பது, மீட்டரையே முதலில் சரிபார்த்துவிட்டுப் பூஜ்ஜிய வோல்ட்டை உறுதிசெய்வது எல்லாம் ஸ்லைடிலேயே ஓடிவிட்டன. காப்புக் கையுறையில் காற்றடைத்து ஓட்டை பார்க்கக்கூட யாருக்கும் வாய்ப்பில்லை. உயிர் சம்பந்தப்பட்ட வேலையைத் தானே செய்து பார்க்காத பயிற்றுநர் மாணவரை எப்படி மதிப்பிடுவார்?

போகிறவர்கள் இப்போது பயன்படுத்தும் மதிப்பெண் தாளைக் கையோடு எடுத்துப் போங்கள். கேட்டால், வரி வரியாக உட்கார்ந்து பார்த்துத் தருகிறார்கள்.