ராணியின் வாய்க்குப் பொருந்திய கடிவாளம்

ராணி பந்தயத்தில் ஓடி ஓய்ந்த பெண் குதிரை. கோலாலம்பூரில் புக்கிட் கியாரா பக்கம் ஒரு லாயத்தில் கட்டியிருக்கிறேன். முதலில் கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை நம்பி 140 மில்லிமீட்டர் அகல ஸ்னாஃபிள், அதாவது வாய்க்குள் குறுக்கே கிடக்கும் கடிவாள உலோகத் துண்டு, வாங்கினேன். நடுவில் ஒரே மூட்டு. வாரை இழுத்தால் பாக்குவெட்டி மாதிரி மடங்கி நாக்கை நெருக்கும். அகலமும் அதிகம், பக்கவாட்டில் நழுவி நழுவி, இடது கடைவாயில் மிளகளவு புண். பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

"தங்கச்சி, முதல்ல வாயை அள," என்றார் லாயத்து அண்ணன். நூலை வாய்க்குள் குறுக்கே பிடித்து அளந்தோம்: 125. பக்கத்துக்கு 5 விட்டு 135 வாங்கினேன், 260 வெள்ளி (ரிங்கிட்). இதில் இரண்டு மூட்டு, நடுவில் பயறு வடிவத்தில் வழவழப்பான துண்டு. வளையம் அசையாத எக்பட் வகை என்பதால் உதட்டைக் கிள்ளாது. செம்பு கலந்த உலோகம். பத்து நிமிடத்தில் உதட்டோரம் நுரை கட்டி, தாடை இளகிவிட்டது.

தடிமன் 14 மில்லிமீட்டர்தான். தடித்தால் மென்மை என்பார்கள். ஆனால் ராணிக்கு நாக்கு பருமன், மேலண்ணம் தாழ்வு. பழையதன் தடிமன் 18, அதற்கு வாயில் இடமே இல்லை.

ஒரே குறை: செம்பு மென்மையானது, கடித்துக் கடித்துச் சொரசொரப்பாகும். ஓட்டி முடித்ததும் கழுவி, விரலால் தடவிப் பார்த்துவிடுங்கள்.